மேடையேறும் தேதியிலிருந்து பின்னோக்கி: நாடகமும் வீட்டுக்கல்வியும் ஒரே காலண்டரில்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு நாடகத்திலும் நடிக்கிற குடும்பங்களில் இழுபறி ஆரம்பிப்பது சாயங்காலம் ஆறு மணிக்கு. சென்னையில் நாடகக் குழுக்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். அதனால் ஒத்திகை ஆறு, ஆறரைக்குத் தொடங்கி ஒன்பது, ஒன்பதரை வரை போகும். பின்னாளில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்த பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அந்தக் காலத்திலிருந்தே அமெச்சூர் நாடகம் என்பது பிழைப்புக்கான வேலை முடிந்தபிறகு கூடிச் செய்கிற கலைதான். வீட்டிலோ அதே மூன்று மணி நேரத்துக்குள்தான் குழந்தையின் குளியல், சாப்பாடு, கதை, தூக்கம் எல்லாம் நடந்தாக வேண்டும்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் இதில் நகர்த்த எதுவும் இல்லை. காலை ஏழரைக்கு வேன் வாசலில் வந்து நிற்கும். வீட்டுக்கல்விக் குடும்பத்துக்கு அந்தக் கட்டு இல்லை. பாட நேரத்தை நகர்த்தலாம், பாட ஆண்டையே நகர்த்தலாம். ஆனால் பலர் ஒன்பது மணிமுதல் பன்னிரண்டரைவரை பாடம், ஜூனில் தொடக்கம், ஏப்ரலில் முடிவு என்று பள்ளியின் அட்டவணையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன் தலையில் ஒத்திகையை ஏற்றுகிறார்கள். ஆறாவது வாரத்தில் இரண்டும் சேர்ந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஆண்டைப் பருவத் தேர்வுக் கணக்கில் பிரிக்காதீர்கள், நாடகக் கணக்கில் பிரியுங்கள். மேடையேறும் தேதியை முதலில் காலண்டரில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அதைச் செய்வது எப்படி என்கிற விவரம்.

ஒரு நாடகம் எத்தனை மணி நேரம் கேட்கும்

ஒன்றரை மணி நேர நாடகம், புதுத் தயாரிப்பு என்றால் எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஸ்கிரிப்டைப் படிப்பது. மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம்வரை பிளாக்கிங். யார் எங்கே நிற்பது, எந்த வசனத்தில் எழுந்திருப்பது, எந்தப் பக்கம் வெளியே போவது என்று இங்கேதான் முடிவாகும். ஆறாம் வாரம் கையில் ஸ்கிரிப்ட் இருக்கக் கூடாது. ஏழில் முழு ஓட்டம். எட்டில் லைட், சவுண்ட், உடை, மேக்கப் எல்லாவற்றோடும் கிராண்ட் ரிகர்சல்.

வாரம் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி என்று பேசித்தான் தொடங்குவார்கள். எட்டு வாரத்துக்கு 72 மணி நேரம் என்று மனசு கணக்குப் போடும். உண்மையில் நடப்பது வேறு. முதல் ஆறரை வாரத்தில் ஏறக்குறைய 20 ஒத்திகை, 60 மணி. கடைசிப் பத்து நாள் தினமும் நான்கு மணி, அது 40. வேளச்சேரியிலிருந்து எழும்பூர்ப் பக்கம் சாயங்கால நெரிசலில் போய்வர ஒன்றரை மணி என்று வைத்தால், 30 நாளுக்கு 45 மணி. வசனம் மனப்பாடம் பண்ண 25 மணியாவது வேண்டும். கூட்டினால் 170. ஒத்துக்கொண்டதற்கும் உண்மைக்கும் நடுவே இருக்கிற அந்த நூறு மணிதான் வீட்டில் சண்டையாக வெடிக்கிறது. எனவே வேடத்தை ஏற்கும் முன்பே 170-ஐக் காகிதத்தில் எழுதி வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுவது நல்லது.

டைரக்டரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியவை: காட்சி நாள்கள் எவை, ஒத்திகை எங்கே, வெளியூர்க் காட்சி உண்டா, கடைசிப் பத்து நாளில் எத்தனை மணிக்கு விடுவார்கள். "செவ்வாய் மட்டும் என்னால வர முடியாதுங்க, மத்த நாள் சரியா வந்துடுவேன்" என்று அப்போதே சொன்னால் எந்த டைரக்டரும் கோபித்துக்கொள்வதில்லை. அதையே நாலாவது வாரத்தில் சொன்னால் நியாயமாகவே கோபம் வரும்.

நடிகரே செய்துகொடுக்கக்கூடிய ஒரு சின்ன உதவி உண்டு. மேடையில் ஒருவர் நுழையும்போதும் வெளியேறும்போதும் நாடகத்தைத் துண்டாகப் பிரித்து எண் போடுங்கள். மேலே துண்டு எண்கள், இடப்பக்கம் பாத்திரங்களின் பெயர். யார் எந்தத் துண்டில் இருக்கிறாரோ அந்தக் கட்டத்தை நிரப்புங்கள். உங்கள் பாத்திரம் 22 துண்டுகளில் ஒன்பதில்தான் வருகிறது என்று அதில் பளிச்சென்று தெரியும். இந்தக் கட்டத்தை டைரக்டர் கையில் கொடுத்தால், பிளாக்கிங் வாரங்களில் உங்கள் துண்டுகளை ஒரே நாளில் சேர்த்து வைக்க அவருக்கும் வசதி. சும்மா மூலையில் உட்கார்ந்திருக்கிற நேரம் மிச்சமாகும். பத்து வயதுப் பிள்ளை ஒரு மதியத்தில் இந்தக் கட்டத்தை வரைந்துவிடும். ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்து, தகவலைப் பிரித்து, அட்டவணை போடுகிற முழுமையான பாடம் அது.

பாடத்துக்கு மூன்று வேகம்

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்கிறது. ஆறு முதல் எட்டுவரை 220 நாள், 1000 மணி. அது பல பிள்ளைகள் சேர்ந்து உட்காரும் வகுப்பறைக்கான அளவு. ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டு நாடகம் என்று வைத்தால் ஒத்திகைக்கு 16 வாரம், ஓய்வுக்கு 2 வாரம் போக, 34 வாரம் கையில் இருக்கிறது. வாரம் ஐந்து நாள் என்றாலும் 170 முழு நாள். பயப்பட வேண்டிய அவசியமே இல்லை.

ஒத்திகை இல்லாத அந்த 34 வாரத்தில்தான் புதிதான, கனமான எல்லாவற்றையும் தொடங்க வேண்டும். பின்னம், நீள் வகுத்தல், இலக்கணம், புது மொழி எல்லாம் அங்கே. வாசிப்பில் தொடங்கி ஸ்கிரிப்டைக் கீழே வைப்பதுவரை உள்ள முதல் ஆறு வாரம் காலையில் இரண்டரை மணி நேரம் பாடம், மதியம் பிள்ளையின் சொந்த வேலை. கடைசி இரண்டு வாரம் இருபது நிமிடம் வாசிப்பு, இருபது நிமிடம் கணக்கு, அதோடு சரி. இந்த மெலிந்த வாரங்களில் புதுப் பாடம் எடுக்கவே கூடாது. புதுக் கணக்கில் குழந்தை தடுக்கும்போது பொறுமையாக மூன்றாவது முறை விளக்குகிற தெம்பு, முந்தைய இரவு பதினொன்றரைக்குப் படுத்தவருக்கு இருக்காது. குரல் உயரும். "கணக்குன்னாலே அம்மா கத்துவாங்க" என்று பிள்ளை மனதில் பதிந்தால், அதை எடுக்கப் பல மாதம் ஆகும். தெரிந்த கணக்கையே திரும்பப் போடச் சொல்லுங்கள், வேகம் கூடும்.

நாடகம் முடிந்த வாரம் பாடமும் வேண்டாம், வேறு வேலையும் வேண்டாம். கைதட்டல் ஓய்ந்த மூன்றாம் நாள் ஒரு வெறுமை வரும். நடிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு விட்டுப்போன எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஈடுகட்டப் பார்ப்பார்கள், அல்லது அடுத்த நாடகத்துக்குச் சரி என்று சொல்லிவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். அடுத்த வாய்ப்புக்கு நான்கு வாரம் கழித்துப் பதில் சொல்லலாம்.

நாளின் கணக்கில் ஒரே ஒரு விதியை மட்டும் இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் தூக்க நேரம் மாறலாம், பிள்ளையின் தூக்க நேரம் மாறக் கூடாது. பாடம் எட்டரைக்குப் பதில் பத்து மணிக்குத் தொடங்கட்டும், தவறில்லை. ஆனால் "அம்மா வந்ததும் கதை சொல்லுவாங்க" என்று சொல்லி வைத்தால் பிள்ளை பத்தரைவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும், மறுநாள் முழுக்கச் சிணுங்கும். ஒத்திகை நாளில் கதையைச் சாயங்காலம் நாலரைக்குக் கொண்டுவந்து, ஐந்தேகாலுக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இரவுக் கதை தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அப்பாவுக்கோ உரியது. அது இரண்டாம்தரக் கதை அல்ல, மொழி அங்கேயும் வளரும்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் போதும்: என்ன சாப்பிட்டாச்சு, இன்றைக்கு என்ன முடிந்தது, எதைத் தொட வேண்டாம். "அத்தை, ஏழு மணிக்குத் தோசை மட்டும் கொடுத்துடுங்க, பாடம் எல்லாம் முடிஞ்சாச்சு" என்று தெளிவாகச் சொன்னால் பெரியவர்களுக்கும் நிம்மதி. பாதியில் விட்ட பாடத்தைப் பாட்டியிடம் தள்ளிவிட்டுப் போவதுதான் பெரும்பாலான மனஸ்தாபங்களுக்குக் காரணம்.

சமையலில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்து வைத்தால் ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள் தாங்கும். காட்சி நாளில் மேடையேறுவதற்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்பே இட்லி மாதிரி லேசாகச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

வசனம் மனப்பாடம், பிள்ளையின் துணையோடு

இந்தப் பகுதியில்தான் வீட்டுக்கல்விக் குடும்பத்துக்குப் பெரிய அனுகூலம் இருக்கிறது. பகலெல்லாம் ஒரு வாசகர் வீட்டிலேயே இருக்கிறார்.

ஸ்கிரிப்டை ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்செடுத்து ஃபைலில் கோத்தால் எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கும். அசைவு, நிற்குமிடம், டைரக்டர் சொன்னது எல்லாம் அங்கே பென்சிலில். பேனா வேண்டாம், பிளாக்கிங் மூன்று முறையாவது மாறும். உங்கள் வசனத்துக்கு மஞ்சள் ஹைலைட்டர். அதற்கு முன்னால் வரும் எதிராளி வசனத்தின் கடைசி மூன்று நான்கு சொற்களுக்கு வேறு நிறம். அந்தச் சொற்களைத்தான் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும். மேடையில் வசனம் மறப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் வசனம் நன்றாகவே தெரியும். எதைக் கேட்டதும் அது வாயில் வர வேண்டும் என்பதுதான் தெரியாது.

ராத்திரி படுக்கும் முன் இருபது நிமிடம் ஒரு பக்கத்தைப் படியுங்கள். காலையில் பாடம் தொடங்குமுன் பிள்ளை எதிராளி வசனத்தைப் படிக்கட்டும், நீங்கள் ஸ்கிரிப்டைப் பார்க்காமல் பதில் சொல்லுங்கள். உணர்ச்சி எதையும் ஏற்றாமல் தட்டையாகச் சொல்வது முக்கியம். இந்தக் கட்டத்திலேயே அழுகையும் கோபமும் சேர்த்துவிட்டால் அந்த ராகம் இறுகிப்போய், பிறகு டைரக்டர் மாற்றச் சொன்னால் வசனமும் சேர்ந்து உதிரும். எதிராளி வசனத்தைப் போனில் பதிவுசெய்து இடைவெளி விட்டுப் பழகுகிறவர்களுக்கு நேர்வதும் இதுதான். பதிவில் இடைவெளி எப்போதும் ஒரே அளவு. மேடையில் எதிரே இருப்பவர் இரண்டு விநாடி தாமதித்தால் தடுமாறிவிடுவார்கள். பிள்ளை ஒருநாள் வேகமாகப் படிக்கும், ஒருநாள் எழுத்துக்கூட்டும், நடுவில் தண்ணீர் குடிக்கப் போகும். அந்த ஒழுங்கின்மைதான் நல்ல பயிற்சி.

எட்டு வயதுக்கு மேல் இருந்தால் பிராம்ப்ட் கொடுக்கிற பொறுப்பையும் கொடுக்கலாம். சொல் மாறினால் பிள்ளை நிறுத்தித் திருத்த வேண்டும். மூன்று விநாடி மௌனத்துக்குப் பிறகு அடுத்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொடுக்க வேண்டும், முழு வரியை அல்ல. பெரியவரைத் திருத்தும் உரிமை கிடைத்த பிள்ளை எவ்வளவு கவனமாக வாசிக்கும் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஆங்கிலப் புத்தகங்களிலேயே ஊறித் தமிழ் வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்கு நாடக ஸ்கிரிப்ட் நல்ல நுழைவாயில். வரிகள் சின்னவை, வீட்டில் பேசுகிற தமிழ், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதும் தெளிவு. வாரம் ஒருமுறை பத்து வரியை எடுத்து, பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றி எழுதச் சொல்லுங்கள். இலக்கணப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட அதில் அதிகம் கிடைக்கும்.

வயதுக்கு ஒவ்வாத வன்முறையோ வசவோ உள்ள காட்சிகளைத் தனி ஃபைலில் வைத்து, அவற்றை வேறு யாருடனாவது பழகிக்கொள்ளுங்கள்.

காலை முழுக்கப் பாடம் சொல்லி, மாலை முழுக்க மேடைக்குரலில் பேசினால் தொண்டை போய்விடும். மதியம் இரண்டு முதல் நான்குவரை பேசாமல் இருப்பது என்று வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை தானாகப் படிக்கவோ வரையவோ அது நல்ல நேரம். பேசாமல் இருப்பது என்றால் கிசுகிசுப்பதும் கூடாது. வறண்ட கிசுகிசுப்பு குரல்நாண்களுக்குக் கூடுதல் சிரமம் கொடுக்கும்.

மொட்டை மாடியில் மேடை

ஒத்திகை நடக்கிற இடமும் காட்சி நடக்கிற மேடையும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். அதனால் வீட்டிலேயே மேடை அளவைக் காலில் பழக்கிக்கொள்ள வேண்டும். மேடை 24 அடி அகலம், 18 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் சார்ட் பேப்பரில் ஓர் அங்குலத்துக்கு இரண்டு அடி என்று வரைந்தால் 12-க்கு 9 அங்குலம் வரும். செஸ் காய்களைப் பாத்திரங்களாக வைத்து ஒரு காட்சியின் அசைவை முழுக்க நகர்த்திப் பார்க்கலாம். யார் யாரை மறைக்கிறார்கள் என்பது மேலிருந்து பார்க்கும்போது உடனே தெரியும்.

பிறகு மாடிக்குப் போய் சாக்பீஸில் முழு அளவில் வரையுங்கள். இங்கே எல்லோருக்கும் தப்புவது மூலை. கண்ணால் பார்த்து வரைந்தால் செவ்வகம் கோணலாகிவிடும், ஆழத்தில் ஓர் அடி வித்தியாசம் வந்துவிடும். ஒரு மூலையிலிருந்து முன்விளிம்பில் 8 அடியும் பக்கவிளிம்பில் 6 அடியும் அளந்து குறித்து, அந்த இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 10 அடி வரும்படி கயிற்றைத் திருத்தினால் மூலை செங்கோணம். நான்கு மூலையும் முடிந்தபின் குறுக்காக அளந்தால் இரண்டு மூலைவிட்டமும் 30 அடி வர வேண்டும். பிதாகரஸ் தேற்றத்தைப் பிள்ளை தன் கையால் இழுத்துப் பார்த்த பிறகு அது மறக்காது. கதவு, நாற்காலி, படி எல்லாவற்றையும் அதிலேயே குறித்து, உங்கள் நடையை எண்ணிப் பாருங்கள். நாலு எட்டில் முடிய வேண்டிய வசனம் ஆறு எட்டு எடுக்கிறதென்றால் அது இங்கேயே தெரிந்துவிடும்.

நடிகர்கள் மேடையில் கையாளுகிற பொருள்களை வைக்கும் பிராப்பர்ட்டி மேஜையும் பிள்ளைக்கேற்ற வேலை. ஒரு வெள்ளைத் தாளை விரித்து ஒவ்வொரு பொருளையும் வைத்துச் சுற்றி வரைந்து பெயர் எழுத வேண்டும். கடிதம், சொம்பு, குடை என்று எது எடுக்கப்படவில்லை, எது திரும்பவில்லை என்பது காலி வடிவத்தைப் பார்த்ததும் தெரியும்.

பிள்ளையை ஒத்திகைக்கு அழைத்துப்போவது

டைரக்டரின் சம்மதத்தோடு, வாரம் ஒரு நாள், வாசிப்பு வாரங்களில். இதுதான் பொருத்தம். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளை முக்கால் மணி நேரத்துக்குமேல் அமைதியாக உட்காராது, எதிர்பார்க்கவும் கூடாது. கூட ஒரு பெரியவர் வரவில்லையென்றால் அழைத்துப்போக வேண்டாம். பையில் தண்ணீர், டப்பாவில் சுண்டல், வரையும் நோட்டு, ஒரு போர்வை. சரசரக்கும் சிப்ஸ் பாக்கெட் வேண்டாம்.

கடைசி வாரத்தில் மேடைப் பக்கமே கூடாது. இருட்டில் கேபிள் தடுக்கும், பக்கவாட்டுத் திரைகளுக்குப் பின்னால் ஆணி இருக்கும். பழைய வகை 'பார்' (PAR) மேடை விளக்குகள் பெரும்பாலும் 1000 வாட். அணைத்துப் பத்து நிமிடம் ஆனபிறகும் தொட்டால் சுடும். காட்சி நாளில் பிள்ளைக்கு இடம் பார்வையாளர் வரிசையில், கதவுக்குப் பக்கத்தில்.

பிள்ளையும் அதே நாடகத்தில் நடிக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். முதல் தடவை வேண்டாம் என்பேன். கடைசிப் பத்து நாளில் வீட்டில் ஒருவராவது களைப்பில்லாமல் இருக்க வேண்டும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தொடங்கிய, சிறுவர்களே நடித்த பால சபையில் டி.கே. சண்முகம் போன்றவர்கள் சிறு வயதிலேயே சேர்ந்து பாட்டும் தமிழும் நடிப்பும் ஒன்றாகக் கற்றார்கள் என்பது உண்மை. அந்தக் கம்பெனி வாழ்க்கையின் கண்டிப்பும் அலைச்சலும் அவ்வளவே உண்மை. இன்றைக்குத் தொழில்முறைத் தயாரிப்பு என்றால் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி குழந்தைக் கலைஞர் நாளுக்கு ஐந்து மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணிக்கு மேல் கூடாது. அமெச்சூர்க் குழுவிலும் அதே அளவை வைத்துக்கொள்வதுதான் முறை.

தேர்வு ஆண்டு

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பேசுகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆம் பிரிவு சொல்கிறது, அதற்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. வீட்டுக்கல்விக்கென்று தனிப் பதிவு முறையும் கிடையாது. பள்ளியிலிருந்து எடுப்பதாக இருந்தால் டி.சி.யை வாங்கிப் பிறப்புச் சான்றிதழ், ஆதாரோடு ஒரே ஃபைலில் வைத்துவிடுங்கள்.

பத்தாம் வகுப்புக்குப் பல குடும்பங்கள் போவது என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளிக்கு. பத்துக்குக் குறைந்தபட்ச வயது 14. ஐந்து பாடம், தேர்ச்சிக்கு 33 சதவீதம். சேர்ந்த பிறகு ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. நாடகக் குடும்பத்துக்கு இதில் பெரிய வசதி, ஐந்து பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை என்பதுதான். இரண்டை ஒரு பருவத்தில், மூன்றை அடுத்த பருவத்தில் எழுதலாம். பொதுத் தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று இரண்டு பருவம். சபா நாடகத்தில் இருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். கோடை நாடக விழாக்களும் ஏப்ரல் வாக்கில்தான் வரும், அதற்கான ஒத்திகை பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். பிள்ளை ஏப்ரலில் எழுதுகிறதென்றால் அந்த ஆண்டு கோடை விழாவை விட்டுவிட்டு, ஜூலை, ஆகஸ்டில் மேடையேறும் நாடகமாகப் பாருங்கள். கோடை விழாவை விட மனமில்லையென்றால் பிள்ளையை அக்டோபர் பருவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கட்டணம் கட்டுகிற கடைசித் தேதி தேர்வுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். வேடத்துக்குச் சரி சொல்வதற்கு முந்தைய நாளே அந்த அறிவிப்பை எடுத்துப் பார்த்து, இரண்டு தேதியையும் ஒரே காலண்டரில் எழுதிவிடுங்கள்.